ஒரே பின்பெயர், வேறு வேறு அமைச்சர்கள்: பட்டியலில் யாரை எங்கே வைப்பது?

ஏடுதேடி எழுதியது:

தெற்காசிய அமைச்சர்களின் பெயர்க்கோவை ஒன்று தயாராகிறது. ஒரே பின்பெயர் உள்ளவர்களை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவது திட்டம்: சேனநாயக்க, ராஜபக்ச, ரெட்டி, ராவ், சவாண், படேல், சிங், மேனன் என்று. பெயரின் கடைசிச் சொல்லை வெட்டி எடுத்து வரிசைப்படுத்தினால் போதும் என்றுதான் தொடங்கியது. இப்போது உறவே இல்லாதவர்கள் ஒரே குடும்பம்போல் நிற்கிறார்கள். அப்பாவும் மகனும் தனித்தனித் தலைப்பில் போய்விட்டார்கள். தமிழ்நாட்டுப் பெயர்கள் எதிலும் அடங்கவில்லை. எந்தக் கட்டங்களை வைத்தால் இது சரியாகும்? உறவுமுறையைப் பட்டியலிலேயே சொல்லலாமா, வேண்டாமா?

மகாவலி எழுதியது:

இலங்கைப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். பின்பெயரை வைத்து உறவை ஊகிக்கவே கூடாது. சேனநாயக்க என்ற ஒரு தலைப்பே போதும், இதைக் காட்ட.

டி. எஸ். சேனநாயக்க முதலாவது பிரதமர், 1947 முதல் 1952 வரை. அவருடைய மகன் டட்லி மூன்று தடவை பிரதமர். டி. எஸ்ஸின் அண்ணன் எஃப். ஆர். சேனநாயக்கவின் மகன் ஆர். ஜி. சேனநாயக்க, 1952 இல் சீனாவோடு றப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்த வர்த்தக அமைச்சர். இவர்கள் மூவரும் ஒரே குடும்பம், பிரச்சினை இல்லை. இனி மைத்திரிபால சேனநாயக்கவைப் பாருங்கள். மதவாச்சித் தொகுதிக்காரர், இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாதவர். 1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் ஆர். ஜியும் இருந்தார், மைத்திரிபாலவும் இருந்தார். அதாவது சேனநாயக்க குடும்பத்தின் கட்சியைத் தோற்கடித்த அரசாங்கத்தில் இரண்டு சேனநாயக்கமார். அதில் ஒருவர் அந்தக் குடும்பம், மற்றவர் இல்லை. பின்பெயரும் கட்சியும் இருந்தாலே ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கே விழுவார்கள்.

பதவியை மட்டும் சேர்த்தாலும் போதாது. “விவசாய, காணி அமைச்சர் சேனநாயக்க” என்று ஒரு பழைய பத்திரிகையில் இருந்தால் அது யார்? சுதந்திரத்துக்கு முந்திய சட்டமன்றமான அரசாங்க சபைக் காலத்தில், 1931 முதல் 1946 வரை, டி. எஸ். அதன் பிறகு அப்பாவின் அமைச்சரவையில் அதே துறை டட்லியிடம். எனவே பதவிக் கட்டத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு என்று இரண்டு கட்டங்கள் கட்டாயம் வேண்டும். “1947–52” என்று ஒரே கட்டத்தில் போட்டால் பிறகு ஆண்டுவாரியாக வடிகட்ட முடியாது.

ராஜபக்சவிலும் இதே கதைதான். மகிந்த, கோட்டாபய, பசில், சமல் நால்வரும் டி. ஏ. ராஜபக்சவின் பிள்ளைகள். 2015 இலும் 2022 இலும் நீதி அமைச்சரான விஜயதாச ராஜபக்ச அந்தக் குடும்பத்தவர் அல்லர். ஆங்கிலத்தில் இவர்கள் எழுதும் எழுத்துக்கூட்டலாவது கொஞ்சம் வேறுபடும். தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசமும் போய்விடுகிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதும் ஆங்கிலக் கூட்டலை ஒரு தனிக் கட்டத்தில் வையுங்கள். அச்சில் காட்ட வேண்டாம், ஆளைப் பிரிக்க உதவும்.

கோதாவரிக்கரை எழுதியது:

ரெட்டி, ராவ், நாயுடு மூன்றையும் பின்பெயராக எடுத்ததிலேயே தவறு. தெலுங்கில் குடும்பப்பெயர் முன்னால் வரும். வீட்டுப்பெயர், இண்டிபேரு. அது சுருங்கி முன்னெழுத்தாக நிற்கும். கடைசியில் இருப்பது பட்டம் அல்லது சாதிப் பெயர். கடைசிச் சொல்லை வெட்டினால் கையில் வருவது குடும்பம் அல்ல.

ஆந்திர முதல்வர்களை எடுங்கள். ‘என்.’ என்ற முன்னெழுத்தோடு ஆறு பேர்: என். சஞ்சீவ ரெட்டி, என். டி. ராமராவ், என். பாஸ்கர ராவ், என். ஜனார்தன ரெட்டி, என். சந்திரபாபு நாயுடு, என். கிரண் குமார் ரெட்டி. ஆறும் ஆறு வெவ்வேறு வீட்டுப்பெயர்! வரிசையாக நீலம், நந்தமூரி, நாதெண்டல, நேதுருமல்லி, நாரா, நல்லாரி. இதில் மூவர் ரெட்டி, இருவர் ராவ், ஒருவர் நாயுடு. முன்னெழுத்தை விரிக்காமல் விட்டால் “என். ரெட்டி” என்ற ஒரே கூண்டுக்குள் உறவில்லாத மூன்று முதல்வர்கள் அடைபடுவார்கள்.

விரிக்காததால் வரும் இன்னொரு குழப்பம்: ஜனார்தன ரெட்டி. 1990 முதல் 1992 வரை ஆந்திர முதல்வர் நேதுருமல்லி ஜனார்தன ரெட்டி. கர்நாடகத்தில் அமைச்சராக இருந்தவர் காலி ஜனார்தன ரெட்டி. முதல் சொல்லை எடுத்துவிட்டால் இருவரையும் பிரிக்க எதுவும் மிஞ்சாது.

முன்னெழுத்துகளை விரிக்கும்போதும் கவனம். ஒய். எஸ். ராஜசேகர ரெட்டியில் ஒய், எஸ் இரண்டுமே வீட்டுப்பெயர்தான், யெடுகூரி சந்திந்தி. என். டி. ராமராவில் ‘என்’ மட்டும் வீட்டுப்பெயர், ‘டி’ அவருடைய சொந்தப் பெயரின் பகுதி, தாரக. பி. வி. நரசிம்ம ராவிலும் அப்படியே, பாமுலபர்த்தி வீட்டுப்பெயர், வெங்கட சொந்தப் பெயர். இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது ஊர், இரண்டாவது அப்பா என்று தமிழ்நாட்டுக் கணக்கில் விரித்தால் எல்லாம் பாழ்.

எந்திரத் தேடல் தவறாக இழுத்துவரும் ஒரு பெயரும் சொல்கிறேன். 1937 இல் சில மாதம் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. ‘ரெட்டி’ என்று தேடினால் வருவார். ஆனால் அங்கே ரெட்டி என்பது அவர் பெயருக்குள் இருக்கிறது. பட்டம் நாயுடு.

தட்டச்சுக்காரன் எழுதியது:

> முதலாவது ஊர், இரண்டாவது அப்பா என்று தமிழ்நாட்டுக் கணக்கில்

தமிழ்நாட்டிலேயே அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. ஆற்காட்டு இரட்டையர் ஏ. ராமசாமி முதலியார், ஏ. லட்சுமணசாமி முதலியார் இருவரின் ‘ஏ’ ஆற்காடு. பெரும்பாலானவர்களுக்கு ஒற்றை முன்னெழுத்து அப்பா பெயர். எந்தக் காலத்து ஆள் என்று பார்த்துத்தான் விரிக்க முடியும்.

தமிழ்நாட்டு அமைச்சர்களுக்குப் பின்பெயர்த் தலைப்பே வேண்டாம் என்பது என் கட்சி. சொந்தப் பெயரைத் தலைப்பாக்குங்கள், முன்னெழுத்தைப் பின்னால் போடுங்கள்: பன்னீர்செல்வம், ஏ. டி.; பன்னீர்செல்வம், ஓ.; பன்னீர்செல்வம், எம். ஆர். கே. மூன்று பேரும் அமைச்சர்கள். முதலாமவர் நீதிக்கட்சிக்காரர், 1940 இல் விமானத்தோடு காணாமல் போனவர். மூவரையும் சேர்ப்பது ஒரு பெயர், குடும்பம் அல்ல. தலைப்பின் மேல் “சொந்தப் பெயர்” என்று ஒரு சிறு குறி போட்டுவிட்டால் வாசகர் ஏமாற மாட்டார்.

ஆனால் தலைமுறை மாறும்போது சொந்தப் பெயரே பின்பெயராக இறுகிவிடும் இடங்கள் உண்டு. முரசொலி மாறனில் மாறன் அவருடைய பெயர், முரசொலி பத்திரிகையின் பெயர். தயாநிதி மாறனில் மாறன் அப்பா பெயர். அப்பா, மகன் இருவருமே மத்திய அமைச்சர்கள். ப. சிதம்பரம் – கார்த்தி சிதம்பரம், மு. க. ஸ்டாலின் – உதயநிதி ஸ்டாலின் எல்லாம் இதே வகை. இங்கே ‘மாறன்’ என்று ஒரு தலைப்பு வைத்து, முதலாமவருக்கு “சொந்தப் பெயர்”, இரண்டாமவருக்கு “தந்தை பெயர்” என்று குறிக்கலாம். தலைப்பு ஒன்று, வகை இரண்டு.

மகாவலி எழுதியது:

தட்டச்சுக்காரன் சொன்ன வகைக்கு எங்கள் பக்கம் பொன்னம்பலத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம்: இங்கே பொன்னம்பலம் தகப்பன் பெயர், முன்னுக்கு வருகிறது. அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா, அரசாங்க சபையில் உள்துறை அமைச்சராக இருந்தவர். அங்கேயும் முதற்பெயர் தகப்பனுடையது. இனி ஜி. ஜி. பொன்னம்பலம், 1948 இல் கைத்தொழில் அமைச்சர். இவருக்குப் பொன்னம்பலம் சொந்தப் பெயர், கடைசியில் வருகிறது. அவருடைய மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று வரும்போது அது பின்பெயராகவே ஆகிவிட்டது. ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. 1947 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஜி. ஜி. தோற்கடித்தது யாரை என்றால் மகாதேவாவை, அதாவது பொன்னம்பலம் ஒருவரின் பேரனை. இரண்டு கிளையையும் ‘பொன்னம்பலம் குடும்பம்’ என்று ஒன்றாய்க் கட்டினால் எதிரெதிரே நின்றவர்களைச் சொந்தக்காரர் ஆக்கிவிடுவீர்கள்.

ஏடுதேடி கேட்ட உறவுமுறைக் கேள்விக்கு என் பதில்: சொல்லுங்கள், ஆனால் தலைப்பால் சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் எண் கொடுத்து, ‘தந்தை’, ‘தாய்’, ‘துணை’ என்று மூன்று கட்டம் வைத்து அங்கே மற்றவரின் எண்ணைப் போடுங்கள். பெயரைப் போட வேண்டாம், எண்ணைத்தான். சிறிமாவோ பிறப்பால் ரத்வத்தை, திருமணத்தால் பண்டாரநாயக்க. சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க இரண்டு தலைப்பிலும் நிற்க வேண்டியவர். ஜே. ஆர். ஜயவர்தனவும் ரணில் விக்கிரமசிங்கவும் உறவினர், ஆனால் பெயரில் ஒரு எழுத்துக்கூட ஒற்றுமை இல்லை. பின்பெயர்த் தலைப்பு உறவைக் கூட்டியும் காட்டும், மறைத்தும் விடும்.

சஹ்யாத்ரி எழுதியது:

மராட்டியத்திலும் குஜராத்திலும் வேலை சுலபம், நடுப்பெயரைப் பிடித்தால் போதும். சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

சவாண் தலைப்பில் மகாராஷ்டிர முதல்வர்கள் நால்வர். யஷ்வந்த்ராவ் பல்வந்த்ராவ், சங்கர்ராவ் பாவ்ராவ், அசோக் சங்கர்ராவ், பிருத்விராஜ் தாஜிசாகேப். நடுப்பெயரைப் பார்த்ததுமே அசோக், சங்கர்ராவின் மகன் என்று தெரிகிறது, மற்ற இருவர் தனி என்றும் தெரிகிறது. ஆனால் ஒய். பி., எஸ். பி. என்று சுருக்கி எழுதும்போது இரண்டிலும் அந்த ‘பி’ வேறு ஆள். ஒன்று பல்வந்த்ராவ், மற்றது பாவ்ராவ். ‘பி’ ஒன்றாக இருப்பதைப் பார்த்து அண்ணன் தம்பி என்று எழுதியவர்களும் உண்டு.

இவர்கள் இருவருக்கும் ஆண்டு மிகவும் அவசியம், ஏனென்றால் மத்தியில் இருவருமே உள்துறையும் நிதியும் பார்த்தவர்கள். ஒய். பி. உள்துறையில் 1966 முதல் 1970 வரை, பிறகு நிதியில் 1974 வரை, மறுபடி உள்துறையில் 1979–80. எஸ். பி. உள்துறையில் 1984–86, நிதியில் 1988–89, மறுபடி உள்துறையில் 1991 முதல் 1996 வரை. “முன்னாள் உள்துறை அமைச்சர் சவாண்” என்று ஒரு துணுக்கு கிடைத்தால் அது யாரென்று சொல்ல ஆண்டைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் எழுத்துப்பெயர்ப்பால் வரும் தொல்லை தனி. மராட்டிய சவாணும் வடக்கத்திச் சௌகானும் தமிழ்ப் பத்திரிகைகளில் இரண்டுமே ‘சவான்’ என்று வந்துவிடுகின்றன. சிவராஜ் சிங் சௌகான் மகாராஷ்டிரக்காரர் ஆகிவிடுவார். அதேபோல் படேல் குஜராத்தி, பாட்டீல் மராட்டி, கன்னடம். ‘பட்டேல்’, ‘பாட்டில்’, ‘படீல்’ என்று கலந்து அடித்தால் உள்துறை அமைச்சர் வல்லபபாய் படேலும் (1947–50) உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீலும் (2004–08) ஒரே கட்டுக்குள் போவார்கள். பின்பெயருக்கு ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்து, மற்ற வடிவங்களையெல்லாம் அதற்கு வழிமாற்றாக வையுங்கள். முக்கியமாக, ‘சவான்’ என்ற வடிவத்தை எதற்கும் நேரடியாக வழிமாற்ற வேண்டாம். அதை “சவாண் பார்க்க, சௌகான் பார்க்க” என்று இரண்டுக்கும் கைகாட்டும் பக்கமாக விடுங்கள்.

எழுத்துரு எழுதியது:

எல்லாரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். கோப்பு உடைவது எழுத்தில்.

சௌமியமூர்த்தி தொண்டமான் என்ற ஒரே பெயரில் இரண்டு பொறி இருக்கிறது. ‘தொ’வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. இதற்கு ஒருங்குறி இயல்பாக்கம் போதும், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது. என்எப்சி (NFC) என்ற இயல்பாக்க வடிவத்துக்கு முழுக் கோப்பையும் ஒரே தடவை மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்.

‘சௌ’ அப்படியல்ல. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டு ‘செள’ என்று அடித்திருப்பார்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது நிறைய. இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் அது முறையான இரண்டு எழுத்து. சரி, ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கிவிடலாம் என்று ஒரே அடியாக மாற்றினால் வெள்ளி, வெளி, தெளிவு எல்லாம் சிதையும். ள-வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடுங்கள், நேராக இன்னொரு மெய்யெழுத்து வந்தால் மட்டும் நிறுத்திக் கேட்கும்படி தேடுங்கள். கடைசியில் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

வரிசைப்படுத்தல் இன்னொன்று. வெறும் குறியீட்டு எண் வரிசையில் ன-வானது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், ற-வானது ர-வுக்கு அடுத்து. அதனால் மாறன் மாலிக்குக்கு முன்னால் நிற்பார். தமிழ் வரிசைப்படி ல முந்தியது, ற பிந்தியது, மாலிக்தான் முதலில். ஜயவர்தன குறியீட்டு வரிசையில் ச-வை ஒட்டி வரும், அகரமுதலிகளின் வழக்கப்படி கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பிறகு. விரிதாளில் வரிசைப்படுத்தும் மொழியைத் தமிழ் என்று அமைத்தால் பெரும்பாலும் சரியாகும். அமைக்காமல் விட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. ஜயவர்தன, பண்டாரநாயக்க, மாலிக், மாறன் என்று நான்கு பெயரைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். பண்டாரநாயக்க, மாலிக், மாறன், ஜயவர்தன என்று வந்தால் சரி.

மகாவலி எழுதியது:

தொண்டமான் என்றால் இன்னொன்றும் உண்டு. புதுக்கோட்டை மன்னர்கள் தொண்டைமான், ஐகாரத்தோடு. மலையகத் தலைவர் தொண்டமான், அவருடைய பேரன் ஆறுமுகன், அவருக்குப் பின் ஜீவன் எல்லாரும் ஐகாரம் இல்லாமல். ‘பிழை திருத்தம்’ என்று யாரும் ஐகாரத்தைச் சேர்த்துவிடாமல் அந்தத் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

கோதாவரிக்கரை எழுதியது:

மேனன் தலைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே தந்தைக் கட்டத்தை நம்பிப் பின்பெயரை நிரப்ப முடியாது. வி. கே. கிருஷ்ண மேனனின் ‘வி’ வேங்கலில், தாய்வழித் தறவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் பெயர். அப்பா கிருஷ்ண குறுப்பு. அப்பா குறுப்பு, மகன் மேனன். தாய்வழியில் வாரிசு இறங்கும் மருமக்கதாயக் குடும்பங்களில் இது சாதாரணம். எந்திரம் “தந்தை பின்பெயர் = மகன் பின்பெயர்” என்று சரிபார்க்கும் விதியை வைத்திருந்தால் கேரளத்துக்கு அதை அணைத்துவிடுங்கள்.

தட்டச்சுக்காரன் எழுதியது:

சிங்கப்பூரைச் சேர்ப்பதாக இருந்தால் சண்முகம் என்ற பெயரைக் கவனியுங்கள். எஸ். ஜெயகுமாரின் ‘எஸ்’ சண்முகம், அப்பா பெயர். 1988 முதல் சட்ட அமைச்சர். 2008 இல் அவரிடமிருந்து அந்தத் துறையை வாங்கியவர் கே. சண்முகம், இவருக்கு அது சொந்தப் பெயர். முன்னெழுத்தை விரித்த கோப்பில் ‘சண்முகம், சட்ட அமைச்சர்’ என்று தேடினால் இருவரும் வருவார்கள். மலேசியாவில் அப்துல் ரசாக் உசேனும் அவருக்கு அடுத்துப் பிரதமரான உசேன் ஓனும் இப்படித்தான். முன்னவரின் உசேன் அப்பா பெயர், பின்னவரின் உசேன் அவருடைய பெயர். பர்மாவின் ஊ நு, ஊ தாண்ட் இருவரையும் ‘ஊ’வின் கீழ் வைக்காதீர்கள், அது மரியாதைச் சொல்.

ஏடுதேடி எழுதியது:

அப்படியானால் கட்டங்கள் இப்படி: ஆள் எண், முழுப்பெயர் விரிவாக, தலைப்புச் சொல், தலைப்புச் சொல்லின் வகை (குடும்பப்பெயர், வீட்டுப்பெயர், தந்தை பெயர், சொந்தப் பெயர், பட்டம்), அவரவர் எழுதும் ஆங்கிலக் கூட்டல், பிறந்த ஆண்டு, பதவி, தொடக்கம், முடிவு, தந்தை எண், தாய் எண், துணை எண். ஒருவர் பல பதவி வகித்தால் பதவிகளைத் தனித் தாளில் வைத்து ஆள் எண்ணால் இணைக்கிறேன். ரெட்டி, ராவ், சிங் மூன்றும் ‘பட்டம்’ என்ற வகையில் வரும், அவற்றின் கீழ் உறவு எதுவும் காட்டப்படாது.

இரண்டு பெயர் தொங்கி நிற்கிறது: பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, கொல்வின் ஆர். டி சில்வா.

சஹ்யாத்ரி எழுதியது:

‘சிங்’ என்பதைப் பட்டம் என்று மொத்தமாகத் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. சரண் சிங், வி. பி. சிங், மன்மோகன் சிங் மூவரும் பிரதமர்கள். முதலாமவர் ஜாட் விவசாயக் குடும்பம், இரண்டாமவர் ராஜபுத்திர ஜமீன், மூன்றாமவர் சீக்கியர். மூவருக்கும் அந்தச் சொல் வந்த வழி வேறு. ‘பொதுப்பெயர்’ என்று ஆறாவது வகை ஒன்று வையுங்கள். இலங்கைப் பெரேராவும் அதில் சேரலாம்.

மகாவலி எழுதியது:

பெரேரா வேண்டாம், சஹ்யாத்ரி. அது போர்த்துக்கேயர் காலத்தில் வந்தாலும் இன்று பரம்பரையாக இறங்கும் குடும்பப்பெயர்தான். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக வகை மாறாது. என். எம். பெரேரா குடும்பப்பெயர் வகையிலேயே இருக்கட்டும், உறவுக் கட்டங்கள்தான் மற்றப் பெரேராக்களிடமிருந்து அவரைப் பிரிக்கும்.

பீலிக்ஸுக்கு வருவோம். டயஸ் பண்டாரநாயக்க என்பது ஒரே அலகு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ‘டி’யும் அதே டயஸ்தான். 1960 முதல் 1962 வரை நிதி அமைச்சராக இருந்த பீலிக்ஸ் அதை முழுதாக எழுதினார், மற்றவர் சுருக்கினார். பீலிக்ஸைப் பண்டாரநாயக்க தலைப்பில் வைத்து, டயஸ் தலைப்பிலிருந்து கைகாட்டி விடுங்கள்.

கொல்வினை ‘டி சில்வா’ என்று ‘டி’யின் கீழ் வையுங்கள். சில்வா என்ற தனிப் பின்பெயரும் இங்கே உண்டு, மேர்வின் சில்வா அமைச்சராக இருந்தவர். இரண்டையும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. ‘டி சில்வா’ தலைப்பில் கொல்வினோடு சி. பி. டி சில்வா வருவார், 1964 டிசம்பரில் கட்சி மாறி சிறிமாவோ அரசாங்கத்தைக் கவிழ்த்தவர். நிமல் சிறிபால டி சில்வாவும் வருவார். தட்டச்சு செய்பவருக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ‘டி’க்குப் பிறகு புள்ளி வைக்கக் கூடாது. ‘சி. பி. டி. சில்வா’ என்று அடித்தால் அந்த ‘டி’ மூன்றாவது முதலெழுத்தாகி ஆள் சில்வா தலைப்புக்குப் போய்விடுவார். முதலெழுத்தைப் புள்ளி வைத்துப் பிரிக்கும் விதி உங்கள் கோப்பில் இருந்தால், ‘டி.’ என்பதற்கு அடுத்துச் சில்வா, மெல், அல்விஸ், சொய்சா வரும் வரிகளைத் தனியே வடித்து எடுத்துக் கையால் பாருங்கள்.